நேரில் பார்க்காமல் பழைய கேமரா வாங்குவது எப்படி?

முதன்முதலாக நான் கூரியரில் வரவழைத்த பழைய ஜூம் லென்ஸ், பார்க்கப் புத்தம் புதிது போல இருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. விற்றவர் அனுப்பியிருந்த மாதிரிப் படங்களும் பளிச்சென்று இருந்தன. வந்த அன்று மாலை எஃப் 8 (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையைச் சுருக்கிய அளவு) வைத்து ஒரு படம் எடுக்கப் போனேன், எரர் காட்டிவிட்டு கேமரா நின்றுவிட்டது. துளை முழுக்கத் திறந்திருக்கும் எஃப் 4-இல் ஒழுங்காக எடுக்கிறது, துளையைக் கொஞ்சம் சுருக்கினாலும் மக்கர். உள்ளே அந்தத் துளையை (அப்பர்ச்சர்) இயக்கும் பட்டை வயர் அறுந்திருந்தது. அப்புறம்தான் பழைய படங்களைத் திறந்து பார்த்தேன். ஆறு படங்களும் எஃப் 4! விற்றவருக்கே விஷயம் தெரியாமலும் இருந்திருக்கலாம். நான் எஃப் 8-இல் ஒரு படம் கேட்டிருந்தால் இருவருக்கும் தெரிந்திருக்கும்.

நேரில் போனால் நம் கை தானாகவே வளையத்தைத் திருகும், பொத்தானை அமுக்கும், லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும். தொலைவில் இருப்பவரிடம் வாங்கும்போது அதையெல்லாம் அவர் கையால் செய்யவைத்து நாம் பார்க்க வேண்டும்.

1. பொருள் அவரிடம் இருக்கிறதா?

ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி, கேமராவின் சீரியல் நம்பர் தெரியும்படி பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொருள் கையில் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. "ஊரில் இல்லை, நாளைக்கு அனுப்புகிறேன்" என்று மூன்று நாள் இழுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். விளம்பரத்தில் இருக்கும் படங்களை கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற, படத்தை வைத்துத் தேடும் தளங்களில் போட்டுத் தேடுங்கள். வேறு எங்கிருந்தோ எடுத்த படம் என்றால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

இன்னொன்று, உங்கள் பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமரா) அந்த லென்ஸ் பொருந்துமா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் டி3500 போன்ற பாடிகளில் மாட்டிக்கொள்ளும், ஆனால் ஆட்டோஃபோகஸ் ஆகாது. அந்தப் பாடிகளில் அதற்கான மோட்டார் இல்லை. இதில் விற்பவரைக் குறை சொல்ல முடியாது.

2. லென்ஸுக்குள் டார்ச் அடிக்கச் சொல்லுங்கள்

பழைய லென்ஸில் பணம் போவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, மறுபக்கத்திலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். நேர் வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரியும் லென்ஸ்கூட இதில் உண்மையைச் சொல்லிவிடும்.

சிலந்தி வலை போல, வேர் போல கிளை விட்டுப் பரவியிருந்தால் அது பங்கஸ். ஈரப்பதமான இடத்தில் நெடுநாள் அடைந்து கிடந்த லென்ஸுக்கு வரும் நோய். சுத்தம் செய்தாலும் சில சமயம் மேல்பூச்சில் தழும்பு நின்றுவிடும். ஆரம்பநிலையில் இருப்பவர்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இதைத் தொட வேண்டாம் என்பேன். மூச்சுக்காற்று படிந்த கண்ணாடி போல மங்கலாக இருந்தால் ஹேஸ். வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த படமெல்லாம் வெளிறிப்போகும். இரண்டு மூன்று தூசிப் புள்ளிகள்? அதற்காகப் பதற வேண்டாம், படத்தில் தெரியவே தெரியாது.

திருகாணித் தலைகளையும் கிட்டத்தில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். தலை தேய்ந்திருந்தால் யாரோ கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஏன் கழற்றினார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

3. பாடிக்கு இரண்டு படம் போதும்

முதல் படம், வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எஃப் 16-இல், ஃபோகஸ் இல்லாமல் எடுத்தது. சென்சாரில் இருக்கும் தூசி, கறை எல்லாம் கரும்புள்ளிகளாக வந்து நிற்கும். இரண்டாவது, அன்றைக்கு எடுத்த எடிட் செய்யாத ஏதாவது ஒரு ஜேபெக். நிக்கான், பென்டாக்ஸ் என்றால் ஷட்டர் கவுண்ட் (ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணிக்கை) பெரும்பாலும் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும், எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். கேனானின் பல மாடல்களில் படத்துக்குள் இருக்காது. கேமராவைக் கம்ப்யூட்டரில் இணைத்துத்தான் பார்க்க வேண்டும். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இந்தத் தகவல் எல்லாம் அழிந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

டி3500-இன் ஷட்டரை நிக்கான் 1 லட்சம் முறைக்குச் சோதித்திருக்கிறது, டி850-ஐ 2 லட்சத்துக்கு. அந்த எண்ணைத் தொட்டதும் ஷட்டர் நின்றுவிடாது, தொடும் முன்பே போனவையும் உண்டு. விலை பேச உதவும், அவ்வளவுதான்.

4. ஒரு வீடியோ கால்

பத்து நிமிடம் போதும். ஆன் செய்யச் சொல்லுங்கள், லென்ஸை மாட்டச் சொல்லுங்கள், ஜூமை முழுக்கத் திருகச் சொல்லுங்கள். கிட்ட ஒன்று, எட்ட ஒன்று ஃபோகஸ் ஆகட்டும். எஃப் 8-இல் ஒரு படம் (நான் பட்டது போதும்). மெமரி கார்டைச் செருகி எடுக்கட்டும், ஃபிளாஷ் இருந்தால் அடிக்கட்டும். ஒன்று கவனத்தில் இருக்கட்டும், எதிரே இருப்பவர் கடைக்காரர் அல்ல, வீட்டில் சும்மா கிடக்கும் பொருளை விற்கிறவர். போலீஸ் விசாரணை மாதிரி கேட்காமல், என்னென்ன பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டுக் கூப்பிடுங்கள்.

5. பணம்

திரும்பக் கேட்க வழி இருக்கிற முறையில் மட்டும் கொடுங்கள். பேபாலில் பொருள் வாங்குவதற்கான முறையில் கட்டினால் 180 நாட்களுக்குள் புகார் கொடுக்கலாம். "கட்டணம் மிச்சம், நண்பருக்கு அனுப்புவது போல அனுப்புங்கள்" என்பார்கள். அப்படி அனுப்பிய பணத்துக்கு வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. அந்தக் கட்டணத்தை நானே தருகிறேன் என்று சொல்லிவிடுவேன். பொருள் வந்து சேரும் வரை நடுவில் ஒரு எஸ்க்ரோ நிறுவனம் பணத்தை வைத்துக்கொள்ளட்டும் என்றால் அதுவும் நல்லதே, ஆனால் விற்பவர் அனுப்பும் லிங்க்கில் நுழையாமல் நீங்களே தேடிப் போங்கள். போலிப் பக்கங்கள் ஏராளம். "இன்னொருத்தர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இப்போதே அட்வான்ஸ் போடுங்கள்" என்றால் அந்த இன்னொருத்தரே வாங்கிக்கொள்ளட்டும்.

6. பேக்கிங்

லென்ஸைப் பாடியிலிருந்து கழற்றித் தனித்தனியே சுற்றச் சொல்லுங்கள். சேர்த்தே அனுப்பினால் ஒரு இடி போதும், இரண்டும் இணையும் மவுன்ட் வளைந்துவிடலாம். பெட்டிக்குள் பெட்டி, நடுவே நாலு பக்கமும் திணிப்பு, குலுக்கினால் சத்தமே வரக் கூடாது. பேட்டரியைக் கழற்றிவிடட்டும், லித்தியம் பேட்டரிக்கு கூரியரில் தனி விதிகள் இருக்கும், அதையும் அவர் கேட்டுக்கொள்ளட்டும். முழு மதிப்புக்கு இன்ஷூரன்ஸ், கையெழுத்து வாங்கித்தான் கொடுக்க வேண்டும் என்ற குறிப்பு. இந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

7. வந்து சேர்ந்த அன்று

பிரிக்கும் முன்பே வீடியோவை ஓடவிடுங்கள். முகவரிச் சீட்டு, ஒட்டியிருக்கும் டேப், பிறகு பிரிப்பது, கடைசியில் சீரியல் நம்பர் வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக. நம்பர் அந்தத் துண்டுச் சீட்டுப் படத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பிறகு மேலே சொன்ன சோதனைகளையெல்லாம் இப்போது உங்கள் கையால், அன்றைக்கே. கூடுதலாக ஒன்று, செய்தித்தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி நேர் எதிரே நின்று எடுங்கள். நாலு மூலையில் ஒன்று மட்டும் மங்கினால் உள்ளே ஒரு கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கலாம். வழியில் அடிபட்ட லென்ஸில் இது நடக்கும். ஏதாவது கோளாறு என்றால் வீடியோவோடு அன்றே அவருக்குத் தெரிவியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். பார்சல் உடையாமல் போய்ச் சேர்ந்ததா என்று அந்தப் பக்கமும் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்.