பத்தாவதுக்குப் பிறகு எந்த போர்டு, எந்த குரூப்? பெற்றோர் சறுக்கும் இடங்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றே பல வீடுகளில் தொடங்கிவிடும் விவாதம், ஸ்டேட் போர்டிலேயே தொடர்வதா, சிபிஎஸ்இ-க்கு மாற்றுவதா என்பது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை மூன்று. பிள்ளை போக நினைக்கும் படிப்புக்கு எந்தெந்தப் பாடங்கள் கட்டாயம்? சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணிலா, நுழைவுத் தேர்விலா? இப்போதுள்ள பள்ளியை விட்டால் கைநழுவும் சலுகை ஏதும் உண்டா? இவற்றுக்கு விடை தெரிந்தால் போர்டு பற்றிய முடிவு பெரும்பாலும் தானே அமைந்துவிடும்.

மிகப் பெரிய இழப்பு மூன்றாவது கேள்வியில்தான் நடக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை பத்தாவதில் 450-க்கு மேல் எடுத்துவிட்டால், "நல்ல ஸ்கூலில் போடுவோம்" என்று பிளஸ் ஒன்னுக்குக் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். தமிழக அரசின் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் சட்டமாக வந்தது. இதில் இடம் கிடைப்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரி சேரும் மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்கைத்தான் பார்க்கின்றன. கடைசி இரண்டு வருடம் பள்ளி மாறினால் அத்தனையும் போகும். அரசு உதவி பெறும் பள்ளியையும் அரசுப் பள்ளி என்றே பலர் நினைக்கிறார்கள். புதுமைப் பெண் திட்டம் உதவி பெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவிகளுக்கு நீட்டிக்கப்பட்டாலும், 7.5 சதவீதம் அங்கே செல்லாது.

அடுத்து குரூப். போர்டு எதுவானாலும் கதவைத் திறப்பதும் மூடுவதும் பாடங்கள்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவருக்கு உயிரியல் இல்லாததால் மருத்துவமும் பி.எஸ்சி. நர்சிங்கும் இல்லை. பியூர் சயின்ஸ் எடுத்தவருக்குக் கணிதம் இல்லாததால் டிஎன்இஏ எனும் தமிழகப் பொறியியல் கலந்தாய்வின் பொதுப் பிரிவில் பி.இ. இல்லை. இரண்டும் திறந்திருக்க வேண்டுமானால் உயிரியலும் கணிதமும் சேர்ந்த பயோ-மேத்ஸ்தான். ஆனால் "எதற்கும் இருக்கட்டும்" என்று கணிதத்தில் தடுமாறும் பிள்ளையை அதில் தள்ளினால் இரண்டு பக்கமும் மதிப்பெண் குறையும். சி.ஏ. ஃபவுண்டேஷனுக்கும் ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கும் எந்த குரூப்பும் போதும். இவற்றுக்காக அறிவியலை எடுத்துக்கொண்டு திணற வேண்டாம்.

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. கணிதத்தில் ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டு வினாத்தாள். பேசிக் என்பது மேலே கணிதம் படிக்காதவர்களுக்காக வைக்கப்பட்டது. அதை எழுதியவர்களையும் பதினொன்றில் கணிதம் எடுக்க அவ்வப்போது தளர்வாக அனுமதித்திருக்கிறார்கள் என்றாலும், அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. பதினொன்றில் 'அப்ளைட் மேத்தமேட்டிக்ஸ்' என்பது வணிகவியல், சமூக அறிவியல் பக்கம் போகிறவர்களை மனதில் வைத்து வந்த தனிப் பாடம். பொறியியல் எண்ணம் இருந்தால் வழக்கமான கணிதத்தையே எடுங்கள்.

இதே தவறு ஐபி, கேம்பிரிட்ஜ் ஏ லெவல் ஆகிய சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளில் பெரிய செலவோடு நடக்கிறது. பிரிட்டனில் மருத்துவம் என்றால் வேதியியலும் உயிரியலும்தான் முக்கியம். அதை வைத்து வேதியியல், உயிரியல், கணிதம் என்று எடுப்பார்கள். பிறகு மனம் மாறி இந்தியாவிலேயே எம்பிபிஎஸ் என்று வந்தால், நீட் தகுதிக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஆங்கிலமும் வேண்டும். இயற்பியல் இல்லை என்றால் நீட்டில் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. ஐபி டிப்ளமோவின் வழக்கமான அமைப்பில் மூன்று அறிவியலை ஒன்றாக எடுக்க இடமே கிடையாது. சிறப்பு அனுமதி வாங்க வேண்டும், அதைப் பள்ளி தொடக்கத்திலேயே கேட்டாக வேண்டும். அங்கும் கணிதத்தில் 'அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்', 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரெட்டேஷன்' என்று இரு வகை உண்டு. இரண்டாவதை ஸ்டாண்டர்ட் லெவலில் எடுத்தவரை வெளிநாட்டுப் பொறியியல் துறைகள் பலவும் ஏற்பதில்லை.

காலண்டரையும் பார்க்க வேண்டும். ஐபி முடிவு ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. ஏ லெவலின் ஜூன் தேர்வு முடிவு ஆகஸ்டில். டிஎன்இஏ விண்ணப்பமோ பெரும்பாலும் ஜூன் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். கேம்பிரிட்ஜ், இந்தியப் பள்ளிகளுக்கென்றே மார்ச் தேர்வு நடத்தி மே மாதம் முடிவு தருகிறது. இங்கே சேரும் எண்ணம் இருந்தால் அந்தத் தேர்வை எழுதுவதுதான் சரி. இந்தப் படிப்பு பிளஸ் டூவுக்குச் சமம் என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தரும் இணைச் சான்றிதழையும் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

டிஎன்இஏ கணக்கைச் சுற்றி உலவும் நம்பிக்கைகள் தனி. பொறியியலுக்குத் தமிழகத்தில் நுழைவுத் தேர்வு கிடையாது. கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. கணிதம் 96, இயற்பியல் 88, வேதியியல் 91 என்றால் 96 + 44 + 45.5 = 185.5. "சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு மதிப்பெண் ஏற்றித் தருவார்கள்" என்பது பாதி உண்மை. ஒவ்வொரு பாடத்திலும் அந்த போர்டின் முதல் மதிப்பெண்ணை ஸ்டேட் போர்டின் முதல் மதிப்பெண்ணுக்குச் சமமாக வைப்பார்கள். அங்கே உச்சம் 95, இங்கே 100 என்றால், அங்கே 76 எடுத்தவருக்கு 80 ஆகும். அங்கேயும் ஒருவர் 100 எடுத்துவிட்டால் யாருக்கும் ஒரு மதிப்பெண்கூட ஏறாது. இந்த ஏற்றத்தை நம்பி பள்ளியைத் தேர்ந்தெடுப்பது வீண்.

கட்-ஆஃபில் மொழிப்பாடம் சேராததால் தமிழையும் ஆங்கிலத்தையும் 'பாஸ் ஆனால் போதும்' என்று விட்டுவிடுவதும் உண்டு. அந்தப் பிள்ளையே ஐஐடி, என்ஐடி பக்கம் போனால் சிக்கல். அவற்றின் நுழைவுத் தேர்வான ஜேஇஇ-யின் தரவரிசையோடு பிளஸ் டூவில் ஐந்து பாடங்களில் மொத்தம் 75 சதவீதம் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 65) இருக்க வேண்டும், அல்லது அந்த போர்டில் தன் பிரிவின் முதல் 20 பெர்சன்டைலுக்குள் வர வேண்டும். அந்த ஐந்தில் ஒரு மொழிப்பாடமும் உண்டு. ஐஐடி-க்கான இரண்டாம் கட்டத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் மட்டுமே எழுத முடியும். இடையில் ஒரு வருடம் விட்டால் அந்த வாய்ப்பு திரும்பாது.

நீட்டுக்காகவே போர்டு மாறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எம்பிபிஎஸ் இடத்தைத் தீர்மானிப்பது நீட் மதிப்பெண் மட்டும். பிளஸ் டூவில் மூன்று அறிவியலிலும் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 50, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் இருந்தால் தகுதி. மாறுவதானால் பதினொன்றின் தொடக்கத்தில் மாறுங்கள். பன்னிரண்டில் போர்டு மாற பெற்றோரின் பணியிட மாற்றம் போன்ற காரணமும் சான்றும் கேட்பார்கள். பள்ளிக்கே போகாமல் பெயரை மட்டும் பதிந்துவிட்டு கோச்சிங்கில் உட்கார வைக்கும் ஏற்பாடும் ஆபத்தானது. சிபிஎஸ்இ-யில் 75 சதவீத வருகை இல்லாதவரைத் தேர்வெழுத விடாமல் நிறுத்தலாம்.

கோச்சிங்குக்காக ராஜஸ்தானின் கோட்டா நகருக்கோ விஜயவாடாவுக்கோ அனுப்பினால் இன்னொன்று. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவருக்கு டிஎன்இஏ-வில் இருப்பிடச் சான்று தேவையில்லை. மருத்துவத்தில் அந்தக் கணக்கு ஆறிலிருந்து தொடங்கும். கடைசி இரண்டு வருடம் வெளிமாநிலம் என்றால் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்ற இருப்பிடச் சான்றை முன்பே வாங்கி வையுங்கள். கவுன்சலிங் நேரத்தில் தாலுகா ஆபீஸில் ஓடினால் கிடைக்காது.

பாலிடெக்னிக்கைத் தோல்விக்கான இடமாகப் பார்க்கும் பழக்கமும் விட வேண்டியது. பத்தாவதுக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை: மொத்தம் ஆறு வருடம். பிளஸ் டூ வழியும் அதே ஆறு வருடம்தான். சேரும் முன் அந்த நிறுவனத்துக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 'டிப்ளமோ' என்ற பெயரில் யாரும் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கலாம்.

திறந்தநிலைப் பள்ளியில் எழுத நினைப்பவர்கள், அந்த வாரியம் இந்தியப் பள்ளிக் கல்வி வாரியங்களின் மன்றமான கோப்சேவின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும். "பத்தாவது, பிளஸ் டூ வேண்டாம், நேராகப் பட்டம்" என்று அழைக்கும் திறந்தநிலைப் படிப்பை நம்பாதீர்கள். தமிழக அரசு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லாது.

அரசு வேலை எண்ணம் இருக்கும் வீடுகளுக்கு ஒன்று. தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை, 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பு முதல் அந்தப் பணிக்கான தகுதிப் படிப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்குத்தான். பிளஸ் ஒன்னில் ஆங்கிலவழிக்கு மாறும் முன் இதை எடைபோடுங்கள். மாறாமல் தொடர்கிறவர்கள், படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியரிடம் தமிழ்வழிச் சான்றை டி.சி. வாங்கும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.