கடையில் தொங்குகிற சஞ்சிகைகளைப் பற்றி முதலாளியிடம் எப்படிப் பேசுவது

முதலில் கடைக்கு முன்னால் போய்க் குந்துங்கள். பகிடி இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன். நின்று பார்த்தால் நமக்குச் சோடாப் போத்தலும் லொத்தர் விளம்பரமும்தான் தெரியும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளையின் உயரத்துக்குக் குந்தினால், கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட சஞ்சிகையின் அரைகுறை உடுப்பு அட்டைப்படம் மூக்குக்கு நேரே நிற்கும், அதற்குக் கீழே டொபிப் போத்தல், பக்கத்தில் கொப்பி அடுக்கு. களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு கடையில் என் மகள் சதுரக்கோட்டுக் கொப்பி கேட்டபடியே தலையை மட்டும் மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள், அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது.

பள்ளி விடுகிற நேரம் போகாதீர்கள், பத்துப் பேருக்கு முன்னால் சொன்னால் யாருக்கும் ரோசம் வரும். பதினொரு மணி போல ஆளில்லாத நேரம் போய், சீனியோ தேயிலையோ வாங்கி, காசைக் கொடுத்த பிறகு, "அண்ணன், அந்தப் புத்தகங்களக் கொஞ்சம் மேல கட்டினா என்ன? பிள்ளையள் வாற கடைதானே" என்று கேளுங்கள். விற்காதே என்று சொல்லவே வேண்டாம், அது அவர் பிழைப்பு. 'கலாசாரம்' என்ற சொல்லையும் எடுக்காதீர்கள், எடுத்தால் பேச்சு பெண்கள் உடுக்கிற உடுப்புக்குப் போய்விடும், அப்புறம் கொப்பி வாங்க வந்த பிள்ளையை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

"போனில இல்லாததா தம்பி?" என்பார், கட்டாயம் என்பார். இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் போனை வீட்டில் பிள்ளையிடமிருந்து நாம் வாங்கி வைக்கலாம், கொப்பிக்குப் பிள்ளை இங்கேதானே வர வேண்டும். மறைத்தால் விற்காது என்று அவர் சொன்னால், வேண்டியவர் கேட்டு வாங்குவார் என்று சொல்லுங்கள், சிகரெட்டைக் கேட்டுத்தானே வாங்குகிறார்கள். பிரிட்டனில் 2013இல் கோ-ஒப் என்ற பெரிய கடைத்தொடர் ஆண்களுக்கான இதழ்களை அட்டை மறைகிற உறையில் போட்டுத் தரும்படி வெளியீட்டாளர்களிடம் சொன்னபோது, இது தணிக்கை என்று அங்கேயும் கத்தினார்கள். ஆனால் கேட்டது உறை மட்டும்தான்.

சட்டத்தைக் காட்டி மிரட்டாதீர்கள். ஆபாச வெளியீடுகளுக்கு எதிரான சட்டம் 1927இலிருந்தே இலங்கையில் இருக்கிறது, ஆனாலும் ஒரு சினிமா சஞ்சிகையின் அட்டையை அதற்குள் அடக்குவது லேசான வேலை இல்லை. பிள்ளைகளுக்கே ஆபாசப் புத்தகம் விற்கிறார் என்றால் அது வேறு கதை, பேசிக்கொண்டு நிற்காமல் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழையுங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். முகநூலில் கடையைப் படம் பிடித்துப் போடுவது மட்டும் வேண்டாம், அந்த அட்டையை இன்னும் ஆயிரம் பேருக்குக் காட்டுவது நீங்கள்தான்.

எங்கள் முதலாளி அன்றைக்கே மேல்கம்பிக்கு ஏற்றினார், அந்த இடத்தில் கலர் பென்சில் பெட்டிகள் வந்தன. ஒரு மாதத்தில் சஞ்சிகைகள் மெல்ல இறங்கிவிட்டன. திரும்பவும் போய் ஒரு கிலோ சீனி வாங்கினேன்.