முதல் கிலோமீட்டரின் மூச்சுத்திணறல்: என் அனுபவம்

தஞ்சாவூரில் புது ஆற்றங்கரையோரமாக விடியலில் 5 கிலோமீட்டர் ஓடும் எனக்கு, முதல் கிலோமீட்டரிலேயே மூச்சு முட்டுவது வழக்கமாகியிருந்தது. ஆஸ்துமா இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகுதான், கால்களை மட்டும் தயார்செய்துவிட்டு, நுரையீரலுக்குக் கீழிருந்து மூச்சை இயக்கும் தசையான உதரவிதானத்தையும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளையும் தூக்கக் கலக்கத்தோடே ஓடவிட்டுக்கொண்டிருந்தது புரிந்தது.

ஓடுவதற்கு முன் அந்தத் தசைகளையும் தயார்செய்ய, காற்றை உள்ளிழுக்கும்போது தடை தரும், சுருள்வில் பொருத்திய சிறு கருவி ஒன்றை வாங்கினேன். முதல் நாள் ஆர்வக்கோளாறில், தடையைக் கூட்டிக் குறைக்கும் அதன் திருகு முழுவதையும் இறுக்கிவிட்டு இழுத்ததில், தலை கிறுகிறுத்துப் படித்துறையில் உட்கார்ந்துவிட்டேன். இப்படி மூச்சுத் தசைகளைத் தயார்செய்வது பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலும் கையாளப்படுவது, ஒருவரால் உள்ளிழுக்க முடிந்த உச்ச அழுத்தத்தில் ஏறக்குறைய 40 சதவீதம்தான். அந்த அளவில் 30 மூச்சுகள், சற்று ஓய்வு, மீண்டும் 30 மூச்சுகள். வயிறு முன்தள்ளும்படி விசையோடு இழுத்து, அவசரமின்றி வெளிவிட வேண்டும்.

திருகைத் தளர்த்தி அவ்வாறே செய்து, சூடு ஆறுமுன் மெதுவோட்டத்தைத் தொடங்கியதில், இரண்டு வாரங்களில் அந்தத் திணறல் அடங்கிவிட்டது. ஓட்ட நேரம் என்னவோ சில நொடிகளே குறைந்தது. ஆய்வு முடிவுகளும் இதில் ஒருமித்து இல்லை. மார்கழிப் பனியில் மட்டும் மூச்சுப் பயிற்சியை வீட்டுக்குள்ளேயே முடித்துவிட்டுக் கிளம்புகிறேன்.