கிற்றாரில் கெதி: பிக் பிடிக்கிற கைக்கு

யாழ்ப்பாணத்தில் கிற்றார் பழகிற பலருக்கு முதல் வேலை தேவாலயப் பாடகர் குழுவில் கோட்ஸ் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற கூட்டுச்சுரங்கள்) அடிப்பதுதான். அதற்கு முழங்கையிலிருந்து கை முழுவதும் ஆடவேணும். அதே ஆட்டத்தோடு தனிச்சுரங்களைக் கெதியாக வாசிக்கப் போனால் அரை நிமிடத்தில் கை இறுகிவிடும். தனிச்சுர வாசிப்பில் அசைய வேண்டியது மணிக்கட்டு. உள்ளங்கையின் சின்னவிரல் பக்க ஓரம் பிரிட்ஜில் (கிற்றாரின் உடலில் கம்பிகள் தாங்கி நிற்கிற இடத்தில்) மெல்லத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும், அதில் பாரம் போடக்கூடாது.

பிக் என்பது கம்பியை அடிக்கிற சின்னத் தகடு. மெல்லிய பிக் கோட்ஸுக்கு நல்லது. கெதிக்கு அது வளைந்து நிமிரப் பிடிக்கிற நேரமே தாமதம், ஆகவே 1 முதல் 1.5 மில்லிமீற்றர் தடிப்பு எடுங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கவாட்டுக்கும் இடையில் 3, 4 மில்லிமீற்றர் நுனி மட்டும் வெளியே தெரிந்தால் போதும். நுனி ஆழமாக இறங்கினால் ஒவ்வொரு அடியிலும் கம்பி அதைப் பிடித்து இழுக்கும். சித்திரை வெக்கையில் வேர்வைக்கு பிக் வழுக்கும். வழுக்குகிறதென்று இறுக்கிப் பிடிக்காமல், பிடிக்கிற இடத்தை ஊசியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள்.

இனி ஒரு சோதனை. மூன்றாம் கம்பியில் (ஆக மெல்லிய கம்பிதான் முதலாம் கம்பி) ஒரே சுரத்தை, மேலும் கீழுமாக, ஐந்து வினாடிக்கு ஏலுமான கெதியில் அடித்துப் பாருங்கள். ஒழுங்கு பிசகினாலும் பரவாயில்லை, தோளும் முன்னங்கையும் தளர்வாக இருந்தால் சரி. அந்த அசைவு எவ்வளவு சின்னது என்று கவனியுங்கள். ஆறுதலாகப் பழகும்போதும் அதே சின்ன அசைவுதான் வேணும். "ஆறுதலாகப் பழகு, கெதி தானாக வரும்" என்பது அரைவாசிதான் உண்மை: பெரிய வீச்சில் மாதக்கணக்காகப் பழகினால் கைக்குப் படிவது பெரிய வீச்சே.

தாளம் தட்டுகிற கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒரு தட்டுக்கு நாலு சுரம், வாயால் "தகதிமி" சொல்லிக்கொண்டு, "த"வில் மட்டும் சற்று அழுத்தம். தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு இது எண்ணுவதைவிடச் சுகம். பிசகாமல் நாலு தடவை வந்தால் 4 கூட்டுங்கள், பிசகினால் 8 குறையுங்கள். 120ஐ எட்டும்போது வினாடிக்கு எட்டுச் சுரம். பிறகு "தகிட"வுக்கு மாறுங்கள். மூன்று சுரமாதலால் அழுத்தம் ஒருமுறை கீழடியிலும் மறுமுறை மேலடியிலும் விழும். பலருடைய மேலடி எவ்வளவு பலவீனம் என்பது அப்போதுதான் வெளிக்கும்.

உண்மையான சிக்கல் கம்பி மாறுகிற இடத்தில். பிக்கின் பிடித்த பக்கம் நிலத்தை நோக்கிச் சற்றுச் சரிந்திருந்தால், மேலடி முடியும்போது நுனி கம்பிகளுக்கு மேலாக வெளியே வந்துவிடும், அங்கிருந்து எந்தக் கம்பிக்கும் போகலாம். கீழடி முடிந்தாலோ நுனி இரண்டு கம்பிகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும். ஆகவே இந்தச் சரிவு உள்ளவர்கள் கீழடியில் தொடங்கி, ஒரு கம்பியில் இரண்டு அல்லது நாலு சுரம் வருகிறமாதிரி வரிசையை அமைத்தால் மாற்றம் எப்போதும் மேலடிக்குப் பிறகே வரும். மூன்று சுரம் தவிர்க்க ஏலாவிட்டால் ஒன்றை பிக்கால் அடிக்காமல், இடக்கை விரலால் கம்பியைத் தட்டி ஒலியெழுப்புங்கள். மறுபக்கம் சரித்துப் பிடிக்கிறவர்களுக்கு எல்லாம் தலைகீழ்: கீழடிதான் வெளியே வரும்.

இதைத் தனியே பழக, இரண்டாம் கம்பியில் கீழடி, முதலாம் கம்பியில் மேலடி என்று ஒரு நிமிடம் வாசியுங்கள். பிறகு முதலாம் கம்பியில் கீழடி, இரண்டாம் கம்பியில் மேலடி. இரண்டாவதில் பிக் இரு கம்பிகளுக்கும் உள்ளே அடைபட்டுத் தட்டுப்படும். அதற்கு இருமடங்கு நேரம் கொடுங்கள்.

சுரங்கள் கெதியில் கலங்கிக் கேட்டால் வலக்கையை மட்டும் குற்றம் சொல்லவேண்டாம். இடக்கை விரல் அழுத்துமுன் பிக் அடித்தாலும் அதே சத்தம்தான். போனில் பதிவுசெய்து அரைவாசிக் கெதியில் போட்டுக் கேட்டால் எந்தக் கை முந்துகிறதென்று தெரியும். முன்னங்கை எரியத் தொடங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.