சிறுவர் வாட்டில் பியூரெட் செட்: சேலைன் ஏற்றுவதும் சொட்டு எண்ணுவதும்

பொரளை லேடி ரிட்ஜ்வே போன்ற சிறுவர் வைத்தியசாலைக்குப் பயிற்சிக்குப் போகும் தாதிய மாணவர்களுக்கு முதல் நாட்களிலேயே தடுமாற்றம் தருவது பியூரெட் செட், அதாவது சேலைன் போத்தலுக்கும் சொட்டு அறைக்கும் நடுவே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குழல் (பியூரெட்) உள்ள செட். கை கழுவுவது, போத்தலின் காலாவதித் திகதி பார்ப்பது, பிள்ளையின் பெயரை பெட் ஹெட் டிக்கெட்டுடன் (வாட்டில் வைத்திருக்கும் நோயாளிக் குறிப்பு) ஒப்பிடுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. அதற்குப் பிறகு வருவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிறையும் கணக்கும்

தாய் சொல்லும் நிறையை அப்படியே எழுத வேண்டாம். தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து நீங்களே நிறுங்கள். கைக்குழந்தை என்றால் பேம்பர்ஸைக் கழற்றிவிட்டு நிறுக்க வேண்டும்.

பிள்ளைக்கு எவ்வளவு திரவம் தேவை என்பதற்கு ஹாலிடே, சேகர் என்ற மருத்துவர்கள் இருவரும் 1957இல் வெளியிட்ட கணக்குதான் இன்றும் அடிப்படை. ஒரு நாளைக்கு முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லீ., அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. 14 கிலோ பிள்ளைக்கு 1000 + 200 = 1200 மி.லீ.; 24ஆல் வகுத்தால் மணிக்கு 50. இதையே 4-2-1 என்று (100, 50, 20க்குப் பதிலாக மணிக்குக் கிலோவுக்கு 4, 2, 1 மி.லீ.) மணிக்கணக்கில் போட்டால் 40 + 8 = 48 வரும். இரண்டில் எது பிழை என்று மண்டையை உடைக்காதீர்கள். 100ஐ 24ஆல் வகுத்தால் வரும் 4.17ஐ 4 ஆகச் சுருக்கியதால் வந்த வித்தியாசம் அது. ஏற்ற வேண்டியது டொக்டர் எழுதிய அளவு. உங்கள் கணக்கு அதைச் சரிபார்க்க மட்டும். 48 வர வேண்டிய இடத்தில் 84 என்று எழுதியிருந்தால் ஏற்றுவதற்கு முன் கேளுங்கள். நீர்ச்சத்துக் குறைவுக்காகக் கூட்டிக் கொடுப்பதும் உண்டு, ஆனால் அதையும் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

பியூரெட் செட்டில் 60 சொட்டு 1 மி.லீ. ஆகவே மணிக்கு 48 மி.லீ. என்றால் நிமிடத்துக்கு 48 சொட்டு, வேறு பெருக்கல் தேவையில்லை. இந்த வசதிதான் ஆபத்தும். 20 சொட்டு 1 மி.லீ. ஆகும் பெரியவர் செட்டில் அதே 48 சொட்டை விட்டால் மணிக்கு 144 மி.லீ. ஏறிவிடும், மூன்று மடங்கு! ஒவ்வொரு தடவையும் செட் வரும் உறையில் அச்சிட்டிருக்கும் சொட்டு எண்ணிக்கையை வாசியுங்கள்.

செட்டைப் பூட்டுதல்

மேல் கிளாம்ப் (போத்தலுக்கும் பியூரெட்டுக்கும் இடையில் உள்ள அடைப்பு), கீழ் ரோலர் (சொட்டு வேகத்தை மாற்றும் உருளை) இரண்டையும் மூடிவிட்டுப் போத்தலில் குத்துங்கள். பியூரெட்டின் தலையில் இருக்கும் சிறிய காற்றுவழியைத் திறவுங்கள். மேல் கிளாம்பைத் திறந்து 30 மி.லீ. அளவு இறக்கி, உடனே மூடுங்கள். கீழே உள்ள சொட்டு அறையை அமுக்கி மூன்றில் ஒரு பங்கு நிரப்புங்கள். நிறைய நிரம்பினால் சொட்டு கண்ணுக்குத் தெரியாது. பிறகு ரோலரை மெதுவாகத் திறந்து குழாயில் உள்ள காற்றை முழுக்க வெளியேற்றுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது அந்தக் காற்றுவழியில். பியூரெட் கெட்டியான பிளாஸ்டிக், சேலைன் இறங்க இறங்க அது சுருங்காது. மேலே காற்று உள்ளே வராவிட்டால் சொட்டு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். “மிஸ், சேலைன் சொட்டுதில்லயே” என்று தாய் கூப்பிடுவார். பிள்ளையின் நாளத்தில் போட்ட சிறு குழாயான கெனுலா அடைத்துவிட்டது என்று நினைத்து ரோலரை அகலத் திறப்போம், அப்போதும் சொட்டாது. பிறகு யாராவது காற்றுவழியைத் திறந்தால், அகலத் திறந்த ரோலர் வழியே உள்ளே இருப்பதெல்லாம் மடமடவென்று பிள்ளைக்குள் போகும். ஆகவே சொட்டு நின்றால் முதலில் ரோலரை மூடுங்கள், பிறகு காற்றுவழியைப் பாருங்கள், அதன் பிறகே கெனுலா. பியூரெட்டை விளிம்புவரை நிரப்பினாலோ படுக்க வைத்தாலோ காற்றுவழியின் வடிகட்டி நனைந்து அடைபடும். அப்படி நனைந்தால் செட்டை மாற்றுவதே நல்லது.

மேல் கிளாம்ப் எப்போதும் மூடியே இருக்க வேண்டும். ஒரு மணிநேரத்துக்குரிய அளவை மட்டும் இறக்குங்கள். ரோலர் தவறுதலாகத் திறந்துவிட்டாலும் பிள்ளைக்கு ஏறுவது 48 மி.லீ.யோடு நிற்கும். மேல் கிளாம்ப் திறந்திருந்தால் 500 மி.லீ. போத்தல் முழுவதும் ஏற வழியிருக்கிறது.

எண்ணுதல்

கைத்தொலைபேசியைவிட விநாடி முள் உள்ள கைக்கடிகாரமே நல்லது. சொட்டு அறைக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் பிடித்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி எண்ண வேண்டும், ஏனென்றால் ரோலர் நசுக்கிய இடத்தில் குழாய் மெதுவாக உருமாறும். பிள்ளை கையை மடக்கினாலும் வேகம் மாறும். எண்ணிக்கையைவிட பியூரெட்டில் உள்ள அளவுக்கோடுகளை நம்புங்கள்: ஒன்பது மணிக்கு 48இல் இருந்தது பத்து மணிக்கு 0க்கு வந்திருக்க வேண்டும். சேலைனைக் குறித்த வேகத்தில் தானே செலுத்தும் பம்ப் கிடைத்தால் பம்பே மேல், அப்போதும் கெனுலா போட்ட இடத்தைப் பார்ப்பது உங்கள் வேலை.

மணிக்கு ஒருமுறை போர்வையை விலக்கி இரண்டு கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீக்கம், குளிர்ச்சி, தோல் இறுக்கம் இருந்தால் நிறுத்திவிட்டு வாட்டுத் தாதிக்குச் சொல்லுங்கள். ஊசி ஏறிய இடத்தை பிளாஸ்டரால் மூடி மறைக்காதீர்கள். பேசத் தெரியாத பிள்ளை அழுதால் “பயத்தில் அழுகிறது” என்று விட்டுவிடவும் வேண்டாம்.

டெங்கு பிள்ளைகள் என்றால்

கொழும்பில் மழைக்காலத்தில் இது அன்றாடம். இரத்தக் குழாயிலிருந்து திரவம் கசியும் கட்டத்துக்கு மொத்த அளவாக, ஒரு நாளைக்குரிய அளவோடு கிலோவுக்கு 50 மி.லீ. சேர்ப்பார்கள். 14 கிலோவுக்கு 1200 + 700 = 1900 மி.லீ., அதிர்ச்சி இல்லாவிட்டால் 48 மணிநேரத்துக்கு. அதை 48ஆல் வகுத்து ஒரே வேகத்தில் விடக்கூடாது, நாடியையும் சிறுநீரையும் இரத்தச் செறிவையும் பார்த்து டொக்டர் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். வாயால் குடிப்பதும் இந்த 1900க்குள்தான். தாய் கொடுக்கும் தம்பிலி இளநீர், கஞ்சி, பால் எல்லாவற்றையும் அளவுக் கோப்பையில் ஊற்றி எழுதச் சொல்லுங்கள். “கொஞ்சம் குடிச்சார்” என்பது அளவு இல்லை.

பின்னர் சேர்த்தது

பியூரெட் வெறுமையான பிறகு மறுபடி நிரப்பினால் சொட்டுவதில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். சில செட்டுகளின் அடியில் மிதக்கும் தட்டு ஒன்று உண்டு, வெறுமையானதும் அது ஒட்டிக்கொள்ளும். ரோலரை மூடி, 20 மி.லீ. இறக்கி, சொட்டு அறையை மெதுவாக அமுக்கி விட்டால் தட்டு மேலே எழும்பும். அப்போதும் குழாயில் காற்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரோலரைத் திறவுங்கள்.

பொட்டாசியம் குளோரைட்டைப் பியூரெட்டில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். மாணவராகத் தனியே சேர்க்கவே கூடாது. நன்றாகக் கலக்காவிட்டால் அடியில் செறிவாகத் தங்கி முதலில் அதுதான் இறங்கும், பிள்ளையின் இதயத் துடிப்பு நின்றுவிடக்கூடும். எழுத்து மூல உத்தரவும் இரண்டு தாதியரின் சரிபார்ப்பும் வேண்டும். சேர்த்த மருந்து, அளவு, நேரம் மூன்றையும் லேபலில் எழுதி உடனே ஒட்டுங்கள்.