பட்டாளத்துக்காரர் வீட்டுப் பாட்டியின் கதையை எழுதி வைப்பது எப்படி

தாத்தா பட்டாளத்தில் இருந்தவர் என்றால் அவர் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்த ரெஜிமென்ட், எந்தச் சண்டை, என்ன மெடல் எல்லாம் கொள்ளுப்பேரன் வரைக்கும் வந்துவிடும். பாட்டியைக் கேட்டால் "பாவம், ரொம்பப் பொறுமைசாலி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவடி, பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் இப்படி எத்தனையோ பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்கள் நல்ல ஞாபகத்தோடு இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். எங்கள் ஆயாவிடம் (எங்கள் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) உட்கார்ந்து எழுதியதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் பட்டாளத்தை விட்டு வரும்போது தாத்தாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பிபிஓ என்று சொல்லும் பென்ஷன் ஆணையையும் எடுங்கள். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இடது பக்கம் அவர் எந்த வருஷம் எங்கே போஸ்டிங்கில் இருந்தார் என்று எழுதுங்கள். வலது பக்கம் காலியாக இருக்கட்டும், அது பாட்டியுடையது. பீஸ் ஸ்டேஷன், அதாவது குடும்பத்தோடு இருக்கக்கூடிய அமைதியான ஊர் என்றால், குவார்ட்டர்ஸ் என்கிற ராணுவ வீடு கிடைத்ததும் குடும்பத்தைக் கூட்டிப்போவார்கள். ஃபீல்டு, அதாவது எல்லைப்பக்கம் போன்ற இடம் என்றால், குடும்பத்துக்கு இடமில்லை, பாட்டி மாமியார் வீட்டிலோ அம்மா வீட்டிலோ இருந்திருப்பார். இடது பக்கத்தில் 'ஃபீல்டு' என்ற ஒரே சொல்லோடு முடிகிற அந்த இரண்டு மூன்று வருஷத்தில்தான் வலது பக்கம் ஒரு பிரசவம், ஒரு சாவு, ஒரு நிலத்தகராறு எல்லாம் இருக்கும்.

காகிதங்கள் கிடைக்கவில்லையென்றால் மெடல்களைப் பாருங்கள். சமர் சேவா ஸ்டார் இருந்தால் 1965 போர். 1971 என்றால் கிழக்கே இருந்தவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே இருந்தவருக்குப் பஸ்சிமி ஸ்டார். விளிம்பிலோ பின்பக்கமோ பெரும்பாலும் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும், போன் கேமராவில் பெரிதாக்கினால் படிக்கலாம். அப்புறம் தாத்தாவின் பட்டாளத்துக் கறுப்பு டிரங்குப் பெட்டி. எங்கள் வீட்டுப் பெட்டியின் மூடியில் நாயக் என்று வெள்ளைப் பெயின்டில் எழுதி, அதன்மேல் கறுப்பு பூசி அதற்கு அடுத்த பதவியான ஹவில்தார் என்று எழுதியிருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பழைய எழுத்தும் மேடாகத் தெரிகிறது. அதைத் தடவிக்கொண்டே ஆயா பேச ஆரம்பித்ததில் பட்டான்கோட் குவார்ட்டர்ஸ் முழுக்க வந்துவிட்டது: பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாவிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றது, சண்டை நேரத்தில் ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி, குழந்தை இருட்டில் அழுதால் விளக்கேற்றப் பயந்தது.

"1965ல் என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள், வருஷம் யாருக்கும் நினைவிருக்காது. "பெரியப்பா எந்த ஊரில் பிறந்தார்? அந்த வீட்டில் தண்ணி எங்கே பிடிச்சே?" என்று கேளுங்கள். வருஷம் தேவைப்பட்டால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சம்பவத்தோடு முடிச்சுப் போடுங்கள். தனுஷ்கோடியைப் புயல் அடித்தது 1964 டிசம்பர், இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965 ஜனவரி, அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. "அண்ணா செத்தப்போ அத்தைக்கு நடை வந்திருச்சா?" என்றால் பதில் டக்கென்று வரும்.

கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று: மணியார்டர் யார் பேருக்கு வந்தது? எங்கள் வீட்டில் பல வருஷம் மாமியார் பேருக்குத்தான் வந்திருக்கிறது. முதல் தடவை தன் பேருக்கு வந்தபோது, கைநாட்டு வைக்கக் கூடாது என்று மகனின் சிலேட்டில் கையெழுத்துப் பழகினாராம். அதைச் சொல்லும்போது ஆயா நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். இன்னொன்று கடிதம். அவர் பெயர், நம்பர், யூனிட்டோடு 56 ஏபிஓ என்கிற ராணுவத் தபால் நிலைய எண்ணைப் போட்டால் போதும், பனிமலையில் இருக்கிறாரா பாலைவனத்தில் இருக்கிறாரா என்று அதிலிருந்து தெரியாது. கடிதத்தைப் படித்துக் காட்டியவர் யார், பதில் எழுதிக் கொடுத்தவர் யார், அடுத்தவர் கையால் எழுதியதால் சொல்ல முடியாமல் போனது என்ன என்று மெதுவாகக் கேளுங்கள்.

தந்தி பற்றிப் பேச்சு வரும்போது கவனம். தெருவில் தந்திக்காரர் சைக்கிள் திரும்பினாலே வயிறு கலங்கிய காலம் அது. பாட்டி பேச்சை நிறுத்தினால் நீங்களும் பேசாமல் இருங்கள், அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். அழுதால் அன்றைக்குப் போதும். "இதை எழுதாதே" என்றால் எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

பேச நல்ல நேரம் சாப்பாட்டுக்குப் பிறகு, சீரியலுக்கு முன்னால். கீரை ஆய்ந்துகொண்டோ பூ கட்டிக்கொண்டோ இருந்தால் இன்னும் நன்றாகப் பேசுவார். பதிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டு போனை ஏரோபிளேன் மோடில் போட்டு அவர் பக்கத்திலேயே வையுங்கள், ஏனென்றால் சென்னை வெயிலில் ஃபேனை நிறுத்த முடியாது, தள்ளி வைத்தால் ஃபேன் சத்தம்தான் பதிவாகும். அரை மணி நேரம் போதும்.

எல்லோரும் தாண்டிப்போகிற இடம் ஒன்று உண்டு: தாத்தா ரிட்டயராகி வீட்டுக்கு வந்த முதல் வருஷம். அதுவரை பள்ளிக்கூடம், ரேஷன், கடன், மாப்பிள்ளை தேடுவது எல்லாம் பாட்டி ஒருத்தியே பார்த்திருப்பாள். லீவில் மட்டும் வந்துபோன அப்பாவைப் பிள்ளைகள் விருந்தாளியாகவே பார்த்திருப்பார்கள். ஆர்டர் கொடுத்துப் பழகிய மனுஷரும் தானே முடிவெடுத்துப் பழகிய மனுஷியும் ஒரே கூரையின் கீழ் எப்படி ஒத்துப்போனார்கள் என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் குடும்பத்தின் உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது. பேரப்பிள்ளைகளை வளர்த்தது, ராணுவக் கேன்டீன் கார்டை வைத்து ஊருக்கே சாமான் வாங்கிக் கொடுத்தது எல்லாம் கேட்காமலே வரும்.

எழுதும்போது அவர் பேச்சைத் திருத்தாதீர்கள். நடுவே வருகிற இந்தி வார்த்தையும் அப்படியே இருக்கட்டும். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள், பாதிக் கதை அப்போதுதான் வரும். பிரின்ட் எடுத்தால் எழுத்து 16 பாயின்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். கடிதம், போட்டோ எல்லாவற்றையும் படமெடுத்து இரண்டு மூன்று வீடுகளில் வையுங்கள். 2015 வெள்ளத்தில் எத்தனை வீட்டு ஆல்பங்கள் கூழாகிப் போயின என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காகிதங்களை எடுத்ததுதான் எடுத்தீர்கள், பிபிஓவில் பாட்டியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளது போலவே இருக்கிறதா என்று பாருங்கள். தாத்தா இருக்கும்போதே முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்துத் திருத்திவிட்டால் பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்குப் பாட்டி அலைய வேண்டியிருக்காது.