20 பேருக்கு ஆம்லெட்: முந்தின நாள் இரவே இட்லிப் பானையில்

வீட்டில் 20 பேர் தங்கியிருக்கும் காலையில் ஒரே தோசைக்கல்லை வைத்துக்கொண்டு ஆம்லெட் போட முடியாது. ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரம் ஆகிவிடும். முதலில் சாப்பிட்டவர் கை கழுவி அடுத்த காப்பிக்கு வந்து நிற்பார், கடைசி ஆள் அப்போதும் தட்டோடு காத்திருப்பார். சரி, ராத்திரியே போட்டு அடுக்கி வைக்கலாம் என்றால், மெல்லிய ஆம்லெட் விடிவதற்குள் ரப்பர் செருப்பு மாதிரி ஆகிவிடும். ஓரம் ஏற்கெனவே முறுகியிருக்கும், மறுபடி சூடாக்கினால் இன்னும் இறுகும்.

வழி இதுதான். இரவில் தடிமனாக ஆவியில் வேகவைத்து, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் துண்டு போட்டுக் கல்லில் சிவக்க விட்டால் போதும். ஆம்லெட்டின் அந்த மணம் கல்லில்தான் வருகிறது, அதைக் காலைக்கு ஒதுக்குகிறோம்.

அளவு

முட்டை ஒரு ட்ரே, அதாவது 30. பெரிய வெங்காயம் அரை கிலோ, பொடியாக நறுக்கியது. பச்சை மிளகாய் 10, கறிவேப்பிலை இரண்டு கொத்து, மல்லித்தழை ஒரு கைப்பிடி. மிளகுத்தூள் 4 டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், தூள் உப்பு தலைதட்டி 3 டீஸ்பூன், காய்ச்சி ஆறிய பால் 200 மில்லி. பாலைக் கூட்டாதீர்கள், கூடினால் துண்டு நிற்காது.

8 அங்குல அகலமும் ஒன்றரை அங்குல விளிம்பும் உள்ள எவர்சில்வர் தட்டு மூன்று வேண்டும். கேக் டின்னும் ஆகும். மேலே சொன்ன கலவை மூன்று தட்டுக்குச் சரியாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2 செ.மீ. உயரம் நிற்கும். தட்டுக்கு 8 துண்டு வீதம் 24 துண்டு. 20 பேர் போக மீதி நாலு, இன்னொன்று கேட்பவர்களுக்கு.

வெங்காயத்தை வதக்காமல் போடாதீர்கள்

தோசைக்கல் ஆம்லெட்டில் பச்சை வெங்காயம் சரி, தண்ணீர் விட்டாலும் கல்லின் சூட்டில் ஆவியாகிவிடும். தட்டில் அந்தத் தண்ணீருக்குப் போக இடமில்லை. உப்புப் பட்ட வெங்காயம் நீர்விட்டுக்கொண்டே இருக்கும், காலையில் எடுத்தால் அடியில் மஞ்சள் தண்ணீர் தேங்கி நிற்கும். ஆகவே 3 டீஸ்பூன் உப்பில் அரை டீஸ்பூனை வெங்காயத்தோடு சேர்த்து, 3 மேசைக்கரண்டி எண்ணெயில் மிளகாய், கறிவேப்பிலையுடன் ஈரம் வற்றும்வரை வதக்குங்கள். பொன்னிறம் தேவையில்லை. நன்றாக ஆறிய பிறகே முட்டையில் சேர வேண்டும், சூடாகக் கொட்டினால் அங்கங்கே முட்டை திரிந்துவிடும். தக்காளி ஆசை இந்த முறைக்கு ஒத்துவராது.

அடிப்பது

ஒவ்வொரு முட்டையையும் சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய பாத்திரத்தில் சேருங்கள். கெட்டது ஒன்று விழுந்தால் மற்ற 29-ம் வீண். மீதி உப்பு, மிளகு, மஞ்சள், பால் சேர்த்து மத்தால் கடையுங்கள். மிக்ஸி வேண்டாம். மிக்ஸியில் அடித்தால் நுரை பொங்கும், வேகும்போது பஞ்சாக எழும்பி, இறக்கியதும் அமுங்கி, மேலே வறண்ட தோல் மட்டும் மிஞ்சும். வெள்ளைக்கரு இழை தெரியாத அளவுக்குக் கலந்தால் போதும்.

வேகவைப்பது: தப்பு நடக்கும் இடம்

வாழையிலையைத் தணலில் வாட்டி, தட்டின் அடியளவுக்கு வட்டமாக நறுக்கிப் போட்டு, இலையிலும் ஓரத்திலும் எண்ணெய் தாராளமாகத் தடவுங்கள். பட்டர் பேப்பரும் வேலை செய்யும், ஆனால் இலையின் வாசனை அதில் கிடையாது. வதக்கியதையும் மல்லித்தழையையும் மூன்று தட்டுக்கும் முதலிலேயே பங்கிட்டுவிட்டு, பிறகு முட்டையை ஊற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஊற்றினால் கடைசித் தட்டில் வெங்காயம் குவிந்துவிடும்.

இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்ததும் தட்டை வைத்து, உடனே தீயைக் குறைத்துவிடுங்கள். இட்லிக்கு வைப்பதுபோல் பெருந்தீயில் வைத்தால் முட்டை கெட்டுப்போகும். அடித்த முட்டை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே இறுகத் தொடங்கும். 100 டிகிரி ஆவி விடாமல் தாக்கினால் புரதம் சுருங்கி, உள்ளே பிடித்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். தேன்கூடு போல ஓட்டை விழுந்து, ஓரம் சாம்பல் பச்சையாகும். அந்தப் பச்சை கெடுதல் இல்லை, மஞ்சள்கருவின் இரும்பும் வெள்ளைக்கருவின் கந்தகமும் சேர்ந்த நிறம். ஆனால் பந்தியில் வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். தீ சிறியதாக இருக்கட்டும், மூடியின் ஓரத்தில் ஒரு கரண்டிக் காம்பைச் செருகி ஆவி கொஞ்சம் வெளியேற விடுங்கள். மூடியில் துணி கட்ட மறக்காதீர்கள், ஆவி நீர் சொட்டினால் மேற்பரப்பு குழி குழியாகும்.

ஐந்து நிமிடத்தில் ஓரம் இறுகி நடு தளதளவென்று இருக்கும். அப்போது கரண்டியால் ஒரே ஒரு முறை அடியிலிருந்து கிளறுங்கள். மூழ்கிக் கிடக்கும் வெங்காயம் நடுவே வந்து நிற்கும். பிறகு 10 முதல் 12 நிமிடம். நடுவில் கத்தி செருகினால் பால்போல எதுவும் ஒட்டக் கூடாது. உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும்.

கலக்கிப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை: பாதி வெந்த முட்டையை முந்தின நாள் செய்து வைப்பது ஆபத்து. கலக்கி கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வர வேண்டியது.

ஆறவைத்தல்

இறக்கிய தட்டுகளைத் தனித்தனியாக ஃபேன் காற்றில் வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். அரை மணியில் ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜ். முற்றும் குளிர்ந்த பிறகு மூடுங்கள், சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து ஈரமாகும். சமைத்த முட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, நம் ஊர் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். ஃபிரீசர் வேண்டாம். உருகும்போது தண்ணீர் விட்டுப் பஞ்சாகிவிடும்.

காலையில்

குளிர்ந்த நிலையிலேயே கவிழ்த்து, இலையை உரித்து, துண்டு போடுங்கள். சூடாக வெட்டினால் உதிரும். கல்லில் நல்லெண்ணெய் விட்டு மிதமான தீயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம், மேலே ஒரு மூடி. உள்ளேயும் சுடச்சுட இருக்க வேண்டும். பெரிய கல்லில் ஆறு துண்டு பிடிக்கும். நாலு தடவையில், இருபது நிமிடத்துக்குள் எல்லாருக்கும் ஆகிவிடும். மீந்ததை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்து மூன்றாம் முறை சூடாக்காதீர்கள்.

பிற்சேர்க்கை: இரண்டு தட்டை ஸ்டாண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தவர்களுக்கு மேல்தட்டு வேகவில்லை என்ற புகார் வந்தது. பாதியில் மேலே கீழே மாற்றி வைத்து, ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் முட்டையை ஊற்றிக் கொதிநீரில் போடும் முறையைச் சிலர் கேட்டிருந்தார்கள். வெளிநாட்டு முகாம்களில் செய்கிறார்கள். கடையில் கிடைக்கும் சாதாரணப் பைகள் கொதிநீருக்காகச் செய்யப்பட்டவை அல்ல, பாத்திரத்தின் ஓரத்தில் பட்டால் இளகி ஓட்டையாகும். தட்டு இருக்கும்போது பை எதற்கு?